கண்ணு முன்னால நிக்கற வண்டி

அது செரிதான் கண்ணு, நீ சொல்றது நெம்பச் செரி. கண்ணு முன்னால நின்னுட்டே இருந்தா மனசு எப்படி ஆறும்? ஆறாதுதான். சின்னப் புள்ளையா இருந்தாலும் எடம் பாத்துச் சொன்னே. உக்காரு. அந்தச் சேருல வேண்டாம், அதுல ஒரு காலு ஆடும். இப்படி என்ற பக்கத்துல சோபாவுலயே உக்காந்துக்க. ஹார்லிக்ஸ் பாட்டல டேபிள் மேல வெய்யி. கையிலயே புடிச்சுட்டு இருந்தீன்னா அது உனக்கா எனக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.

மானசாதானே உன்ற பேரு? உங்க கல்யாணத்துல பாத்தது. அன்னைக்கு உங்கூட்டுக்காரன் வம்சி, அத்தன சனத்துக்கு முன்னால எங்கூட்டுக்காரரு கால்ல உழுந்து கும்புட்டான். எனக்குத் தொழிலு சொல்லிக்குடுத்த தெய்வமுங்க இவருன்னான். தெய்வம் அன்னைக்கு மூணு தடவை ஐஸ்கிரீம் வாங்கித் தின்னுச்சு. ஊட்டுக்கு வந்து பாத்தா சுகரு முன்னூத்தி இருவது.

காப்பி குடி. சக்கரை போட்டிருக்குது, பயப்படாதே. இந்த ஊட்ல சக்கரை டப்பா வெளிய வந்தே நாப்பத்தஞ்சு நாளுதான் ஆச்சு. அதுக்கு முந்தி அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருப்பேன், அப்பவும் மோப்பம் புடிச்சுப் போயிருவாரு. ஆமா, இன்னைக்கு நாப்பத்தஞ்சாம் நாளு. நீ எண்ணலையா? செரி, வம்சி எண்ணியிருப்பான்.

எப்படிப் போனாருன்னு சொன்னானா? பெருசா ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம காலைல மெட்ராஸ் பேப்பரு வரும். அதுல பழைய காரு விக்கிற பக்கத்த மட்டும் உருவிட்டு மத்தத என்ற பக்கம் தள்ளிருவாரு. நாட்டுல யாரு ஆட்சி புடிச்சா என்ன, உழுந்தா என்ன, அவருக்கு அந்த ஒரு பக்கந்தான். அன்னைக்கும் பென்சில்ல ரவுண்டு போட்டுட்டு இருந்தாரு. நான் இட்லி எடுத்துட்டு வந்தா தலை பேப்பரு மேல கெடக்குது. தூங்கறாராட்ட இருக்குதுன்னு தட்டத்த வெச்சுப்போட்டு சட்னி எடுக்கப் போயிட்டேன். திரும்பி வந்து தொட்டப்பறந்தான் தெரிஞ்சுது. ரவுண்டு போட்டது என்ன வெளம்பரம்னு நெனைக்கறே? பெங்களூர்ல ஒரு வண்டி. ஓனரு காலமாயிட்டாரு, அவசர விற்பனைன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பேப்பர வெச்சிருக்கறேன். அதப் பாத்து அழுகறதா சிரிக்கறதான்னு இன்னும் முடிவு பண்ணலை.

என்ன எட்டி எட்டிப் பாக்கறே? வம்சி வண்டியப் பாத்துட்டு வருட்டும். ஷெட்டுச் சாவி, வண்டிச் சாவி ரெண்டும் குடுத்துட்டேன். எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். மொதல்ல வண்டியச் சுத்தி மூணு சுத்து சுத்தி வருவான். அப்பறம் டயர ஒதைப்பான். டயர ஒதைச்சா வண்டியப் பத்தி என்ன தெரியும்னு எனக்கு இத்தன வருசமாத் தெரியல கண்ணு. ஒதைக்காத ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. மில்லு மொதலாளியும் ஒதைக்கறாரு, டாக்டரும் ஒதைக்கறாரு. பொண்ணுப் பாக்கப் போன எடத்துல இப்படிப் பண்ணுனா என்ன ஆகும்?

நீ வாரப்ப அந்த வண்டியப் பாத்தியா? செகப்பு. சீமையில செஞ்சது, எம்.ஜி.ன்னு பேரு. ஸ்போர்ட்ஸ் காருன்னா என்னன்னு எனக்கு இருவது வருசமா வெளக்கிப் பாத்தாங்க, இன்னும் வெளங்கல. மேல கூரை இல்ல. மழை வந்தா நனையோணும், வெயிலடிச்சா காயோணும், லாரி போச்சுன்னா மண்ணத் திங்கோணும். தரையோட ஒட்டி உக்காரோணும், எந்திரிக்கறதுக்கு ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுக்கோணும். ரெண்டே சீட்டு. நம்ம ஊர்ல ரெண்டு பேரு மட்டும் எங்க கண்ணு போறாங்க? ஒரு சீருக்குப் போனாக்கூட பதினோரு பேரு, அதுல ரெண்டு பேருக்கு வாந்தி. இந்த அழகுல அதுக்கு அம்பாசிடரு ரெண்டு வாங்கற காசக் குடுத்து வாங்கி, துணியப் போட்டு மூடி வெச்சிருவாங்க.

யாரு வாங்குனாங்கங்கறே? எல்லாம் நம்ம மில்லுக்காரங்க ஊட்டு வாரிசுகதான். அப்பன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பஞ்சுப் பொதி எண்ணிட்டு இருப்பாரு, மகன் சோழவரத்துக்கு ரேசுக்குப் போயி கையில மாவுக்கட்டோட வருவான். அப்பறம் கல்யாணம் ஆகும், தொந்தி உழும், ஸ்டீயரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல எடம் பத்தாது. வண்டி ஷெட்டுக்குப் போயிரும். கோழி அதுல முட்டை வெக்கும். நான் கண்ணால பாத்திருக்கறேன், உடுமலப்பேட்டையில ஒரு ஊட்ல சீட்டத் தூக்குனா ஒன்பது முட்டை.

எங்கூட்டுக்காரரு அந்த மாதிரி வண்டிகள மட்டுந்தான் தேடுனாரு. சீனிவாசலுன்னா ஒருத்தருக்கும் தெரியாது, ரெண்டு சீட்டு நாயுடுன்னாத்தான் கோயமுத்தூர்ல தெரியும். வண்டியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்னு நெனைக்கறே? ஒரு மண்ணும் தெரியாது. கோட்டைமேட்டு மெக்கானிக்கு அக்பர் அலி பாய் இருக்கறாரே, அவருதான் பானட்டத் தொறந்து பாப்பாரு, காது குடுத்துக் கேப்பாரு. இவரு வெளிய நின்னு ஊட்டப் பாப்பாரு. வண்டியப் பாக்கறவன் வண்டிக்கு வெலை குடுப்பான், ஊட்டப் பாக்கறவன் ஊட்டுக்கு என்ன அவசரமோ அதுக்கு மட்டுந்தான் வெலை குடுப்பான். இத ஏதோ கீதை மாதிரி வம்சிக்குச் சொல்லுவாரு. அவனும் வாயத் தொறந்துட்டு கேட்டுட்டு இருப்பான்.

கொடிக்கம்பியில காயற துணியப் பாப்பாரு. வாசல்ல எத்தன செருப்புன்னு எண்ணுவாரு. நூலு வெலை எறங்குச்சுன்னு வெச்சுக்க, மூணாவது மாசம் பழைய காரு எல்லாம் தானா வெளிய வரும்பாரு. தீவாளிக்கு போனஸ் குடுக்கோணும்னு மில்லுக்காரங்க தவிக்கற சமயத்துல போயி நிப்பாரு. ஆடி மாசம் ஒருத்தனும் வண்டி வாங்க மாட்டான், இவரு அப்பத்தான் பையத் தூக்கிட்டுக் கெளம்புவாரு. தொண்ணூத்தஞ்சுல ஏசி வெச்ச புது வண்டிக வந்துச்சு பாரு, பசங்க எல்லாம் அதுல உழுந்துட்டாங்க. தாத்தன் வாங்கி வெச்ச சீமை வண்டி அவங்களுக்கு எடஞ்சலாயிருச்சு. அந்த வருசம் மட்டும் ஏழு வண்டி வாங்குனாரு. கவுண்டரு ஊட்டுக்குப் போனா வாங்க போங்கன்னு ஒரு சொல்லுக்கு ரெண்டு ங்க போடுவாரு, நம்மாளுக ஊட்டுக்குப் போனா தெலுங்குல ஆரம்பிச்சு மூணு தலைமொறைச் சொந்தம், ஒறம்பரைன்னு இழுத்துருவாரு. பேசிப் பேசி அவங்க வாயிலயே வெலையக் கொறைக்க வெச்சுருவாரு.

வாங்கறதுல கெட்டிக்காரரு, ஆமா. விக்கறதுல? அதச் சொல்லு. அந்தச் செகப்பு வண்டிய எம்பத்தொம்பதுல வாங்குனாரு. தொண்ணூத்திமூணுல பாம்பேக்காரரு ஒருத்தரு வந்து ஒண்ணே கால் லட்சம்னாரு. இன்னும் ஏறும், இருன்னுட்டாரு. தொண்ணூத்தஞ்சுல அதே ஆளு ஒண்ணே முக்காலுக்கு வந்தாரு. இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்னாரு. எப்ப வாங்கோணும்னு ஊருக்கே சொல்லிக்குடுத்த மனுசன், எப்ப விக்கோணும்னு தெரியாம எட்டு வருசம் துணி போட்டு மூடி வெச்சிருந்தாரு. ஒரு நாளு என்னை அதுல ஏத்துனதில்ல. சரக்குல கை வெக்காதேம்பாரு. நான் ஏறுனா சரக்கு கொறஞ்சு போயிருமாட்ட.

இரு இரு. கேட்டுச்சா? செல்ஃப் அடிக்கறான். கிர்ரு கிர்ருன்னு சுத்துது பாரு, பத்திக்கலை. இன்னும் ரெண்டு தடவை அடிப்பான், நமக்குக் கேக்கோணுமில்ல. அப்பறம் பானட்ட டொப்புன்னு சாத்துவான். வந்து கையத் தொடச்சுட்டு நிப்பான். பெருமூச்சு உடுவான். இஞ்சினு போயிருச்சுங்கத்தை, எடைக்குப் போட்டா பதினஞ்சாயிரம் வரும், மாமாவுக்காக நான் இருவத்தஞ்சு தாரேன்னு சொல்லுவான். இருவத்தஞ்சா, முப்பதா? என்ன பேசிட்டு வந்தீங்க? சொல்ல வேண்டாம், உடு. உன்ற மொகத்துலயே எழுதியிருக்குது.

நீ காப்பியக் குடி, ஆறிப்போகுது. நான் கோவமாப் பேசலை. என்ற பேச்சே இப்படித்தான்.

இன்னைக்கு என்ன கெழமை? செவ்வா. எழவு கேக்கறதுக்கு யாராச்சு செவ்வாக்கெழம வருவாங்களா கண்ணு? உங்கம்மா சொல்லிக்குடுத்திருப்பாங்களே. செவ்வா வெள்ளியில துக்க ஊட்டுப் படியில ஒருத்தரும் காலு வெக்க மாட்டாங்க. இந்தத் தெருவுல அத்தன பேரும் வந்தாங்க, அந்த ரெண்டு நாளு மட்டும் ஒரு குருவி வராது. உங்கூட்டுக்காரனுக்கு அது தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் வந்திருக்கறான். அது எங்கூட்டுக்காரரு பாடத்துல மொத பாடம்.

சாவு உழுந்த ஊட்டுக்குப் பதினாறு நாளுக்குள்ள போகக்கூடாது. ஒறம்பரை நெறஞ்சிருக்கும், எல்லாருக்கும் வீராப்பு இருக்கும். மூணு மாசத்துக்கு மேல தள்ளவும் கூடாது, அதுக்குள்ள மகன் நாலு பேருகிட்ட வெலை கேட்டு வெச்சிருவான். நாப்பதுக்கு மேல அம்பதுக்குள்ள. வந்தவங்க எல்லாம் போயிருப்பாங்க, டிரைவர நிறுத்தியிருப்பாங்க, வண்டி மேல தூசி படிஞ்சிருக்கும். செவ்வாயோ வெள்ளியோ, பத்தரை மணிக்கு. மகன் ஆபீஸ் போயிருப்பான். அந்தம்மா ஒத்தையா உக்காந்திருக்கும். எழவு கேக்கற சாக்குல உள்ள போயிரலாம், வேற ஒரு ஆளும் குறுக்க வர மாட்டான். இதுதான் வண்டி வாங்கற நேரம். பேப்பருல பாத்துத் தெரிஞ்சுக்கற வெலையெல்லாம் ஏமாளிகளுக்குன்னு சொல்லுவாரு.

போன வெள்ளிக்கெழம நாப்பத்தொண்ணாம் நாளு. அன்னைக்கே நீங்க வருவீங்கன்னு கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வரலை. அன்னைக்கு உங்கூட்டுக்காரன் என்ன சொன்னான், ஊர்ல இல்லையா? செரி செரி.

இன்னும் ஒரு பாடம் இருக்குது. தனியாப் போகக்கூடாது, ஒரு பொம்பளையக் கூட்டிட்டுப் போகோணும். ஆம்பளை வெளிய வண்டியப் பாத்துட்டு இருக்கறப்ப, பொம்பளை உள்ள போயி அந்தம்மா பக்கத்துல உக்காரோணும். எதுத்தாப்பல இல்ல, பக்கத்துல. கையப் புடிச்சுக்கோணும். நீ இன்னும் என்ற கையப் புடிக்கலை, வெக்கப்படறே. பரவால்ல, பழகிரும்.

எனக்கும் மொதல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு.

ஆமா கண்ணு, நான்தான். இருவது வருசம் அந்த ஆளு கூடப் போனவ நான்தான். இப்ப நீ உக்காந்திருக்கற எடத்துல, எத்தன ஊட்டு சோபாவுல உக்காந்திருப்பேன்னு கணக்கில்ல. பொள்ளாச்சி, கோபி, தாராபுரம், திருப்பூரு. வம்சி எங்க கடையோட இருந்தான், அவன ஊடுகளுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாரு. அதனால அவனுக்கு எல்லாம் மாமா சொன்னதுன்னுதான் தெரியும். பழம் கொண்டுபோனா பண்டிகையாட்ட இருக்கும், வெறுங்கையோட போனா வேலையா வந்தாப்பல இருக்கும், ஹார்லிக்ஸ் பாட்டலு வாங்கிட்டுப் போகோணும்னு சொன்னது ஆரு? நான். அதையும் அவரு தன்ற சரக்குன்னு வித்திருக்கறாரு பாரு.

ராசாத்தாள்னு ஒரு அம்மா. ஈரோட்டுல மஞ்சமண்டி வெச்சிருந்த கவுண்டரு சம்சாரம். புள்ளைக ரெண்டும் கட்டிக்குடுத்தாச்சு. அந்தச் செகப்பு வண்டி அவங்களதுதான். ஞாயித்துக்கெழமையானா அந்தக் கவுண்டரு பொண்டாட்டியப் பக்கத்துல உக்கார வெச்சு பவானி வரைக்கும் போயிட்டு வருவாராமா. வயசான காலத்துல இதென்ன கூத்துன்னு ஊரே பேசிச்சு, ஒறம்பரை எல்லாம் மொகத்தத் திருப்புனாங்க. அந்தம்மா தலையில ஒரு பச்சைத் துண்டக் கட்டிட்டு உக்காந்து போவாங்களாமா. ரெண்டு சீட்டு எதுக்குன்னு தெரிஞ்ச ஒரே ஊடு அதுதான். நான் பாத்த வரைக்கும்.

கவுண்டரு போய் நாப்பத்திமூணாம் நாளு, செவ்வாக்கெழம, பத்தரை மணிக்கு நாங்க போனோம். இவரு ஷெட்டுக்குப் போனாரு, நான் உள்ள போனேன். பக்கத்துல உக்காந்தேன், கையப் புடிச்சேன். அப்பறம் சொன்னேன். கண்ணு முன்னால நின்னுட்டே இருந்தா மனசு எப்படிங்கக்கா ஆறும்?

ஆமா. அதேதான். ஒரு எழுத்து மாறாம நீ வந்ததும் சொன்னியே, அது. அக்காவுக்குப் பதிலா அத்தைன்னு போட்டுக்கிட்டே, அவ்வளவுதான்.

அது அவரு சொன்னதுன்னு வம்சி உனக்குச் சொல்லியிருப்பான். அது என்ற வார்த்தை கண்ணு. எம்பத்தொண்ணுல, தாராபுரத்துல, ஒரு டாக்டரு சம்சாரம் எதுக்கும் மசியலை. இவரு வெளிய நின்னு ஜாடை காட்டுறாரு, எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. வாயில தானா வந்துச்சு. அந்தம்மா பொலபொலன்னு அழுதுபோட்டு, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே பெரிய கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பவுன்ல வளையலு வாங்கிப் போட்டாரு. அந்த வளையலத்தான் பதினொண்ணாம் நாளு எல்லாருமாச் சேந்து கழட்டுனாங்க.

ராசாத்தாளும் அழுதாங்க. முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த சாவிய அவுத்து என்ற கையிலதான் குடுத்தாங்க, அவருகிட்டக் குடுக்கலை. இருவத்திரெண்டாயிரத்துக்கு. வெலை பேசவே இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. எடுத்துட்டுப் போறதுக்கு முந்தி ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேட்டுக்கறேன்னாங்க. இவரு வெளிய இருந்துட்டே, இனி இது கெளம்பாதுங்கம்மா, இஞ்சினு போயிருச்சுங்கன்னுட்டாரு.

இஞ்சினு போகலை. இஞ்சின்ல காயில் வயருன்னு ஒண்ணு இருக்குது, ஒரு சாண் நீளம், கருப்பா இருக்கும். அதப் புடுங்கி சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டா வண்டி கிர்ரு கிர்ருன்னு சுத்துமே தவிர பத்தாது. எனக்கு அது தெரியும். பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுட்டு இருந்தனே, ஒரு வார்த்தை சொல்லலை. கயித்தக் கட்டி வண்டிய இழுத்துட்டுப் போயி ரெண்டு தெரு தள்ளி நிறுத்தி, வயர மாட்டி, ஒரே அடியில ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டு வந்தாரு. நான் பொறகால அம்பாசிடர்ல வந்தேன். பெருந்துறை தாண்டி கோயமுத்தூரு வார வரைக்கும் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே வந்தேன். அந்தம்மா கேட்ட சத்தம்.

அழுகாதே. நீ எதுக்கு அழுகறே? நீ பண்ணுனது ஒண்ணுமில்ல, சொல்லிக்குடுத்ததச் சொன்னே. நானும் அப்படித்தான் இருவது வருசம் சொல்லிட்டிருந்தேன், ஊட்டுக்காரரு சொன்னாரு, செஞ்சேன்னு. வளையலு போட்டுக்கிட்டது மட்டும் நான்.

உனக்கு ஒண்ணு சொல்றேன், வம்சிகிட்டச் சொன்னாலும் செரி, சொல்லலைன்னாலும் செரி. நீங்க கேட்டுக்குள்ள வந்தப்பவே எனக்கு எல்லாம் தெரியும். செவ்வாக்கெழம, ஹார்லிக்ஸ், நீ உள்ள வாரே, அவன் ஷெட்டுக்குப் போறான். என்ன சொல்லப் போறேன்னும் தெரியும். வாயத் தொறக்கட்டும், இந்தப் புள்ளைய நல்லா நாலு கேள்வி கேக்கலாம்னு பல்ல நறநறன்னு கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ சொன்னே. சொன்னதும் என்ற கை தானா இடுப்புல இருக்கற பீரோச் சாவிக்குப் போயிருச்சு, ஆர்.சி. புக்க எடுத்துக் குடுக்கறதுக்கு. நானே செஞ்ச வார்த்தை. எங்க இழுத்தா எங்க வலிக்கும்னு நானே அளவெடுத்துச் செஞ்சது. அது என்றகிட்டயே வேலை செய்யுது. நாப்பத்தஞ்சு நாளா அந்த ஆளத் திட்டிட்டே இருக்கறேன், திட்டறத நிறுத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நீ நிறுத்திப்போட்டே. அதுக்குத்தான் இத்தன பேச்சு பேசுனேன். பேசலைன்னா புக்கக் குடுத்திருப்பேன்.

குடுக்க முடியாது கண்ணு. பதினாறு முடிஞ்ச மறுநாளே நான் ஈரோட்டுக்கு ராசாத்தாளுக்கு எஸ்.டி.டி. போட்டுட்டேன். வண்டிய எடுத்துக்கறீங்களான்னு கேட்டேன். என்ன வெலைன்னாங்க. அன்னைக்கு நீங்க கையில வாங்குன அதே இருவத்திரெண்டாயிரம்னேன். சும்மா குடுக்கலாந்தான், குடுத்தா எனக்குப் புண்ணியம் தேடிக்கிட்ட மாதிரி ஆயிரும், அந்தச் சொகம் எனக்கு வேண்டாம்.   அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, ஸ்டார்ட் ஆகுதுங்களான்னு.

நேத்து அக்பர் அலி பாய் வந்து ஆயில் மாத்தி, பேட்டரி போட்டு, ஒரே அடியில ஸ்டார்ட் பண்ணுனாரு. என்னையும் ஏறச் சொன்னாரு. ஹோப் காலேஜ் வரைக்கும் போயிட்டு வந்தோம், சரக்கு ஒண்ணும் கொறையலை. ஆர்.சி. புக்கு கூட இன்னும் அந்தக் கவுண்டரு பேர்லயே இருக்குது. இந்த ஆளு பேரு மாத்தற செலவக்கூட மிச்சம் புடிச்சிருக்கறாரு, மொத தடவையா அது ஒரு நல்லதுக்கு ஆச்சு. இன்னைக்குப் பதினொண்ணரைக்கு அந்தம்மா வாராங்க. செவ்வாக்கெழம துக்க ஊட்டுக்கு வாரதான்னு தயங்குனாங்க. எட்டு வருசம் முன்னால நான் வந்தேனே, நீங்க வாங்கன்னேன்.

பானட்டச் சாத்திட்டான், கேட்டியா? வந்துட்டான். பாரு, கையத் தொடச்சுட்டு வாரான். மொகத்தப் பாரு, என்னமோ அவன் அப்பன் இஞ்சினு போன மாதிரி. வா வம்சி. ஒண்ணும் சொல்ல வேண்டாம், இஞ்சினு போயிருச்சு, எனக்குத் தெரியும். உன்ற பாக்கெட்டுல இருக்கறத டேபிள் மேல வெய்யி. இடது பக்கப் பாக்கெட்டு. அவரும் அதுலதான் போடுவாரு. மானசா, நீ எடுத்து வெய்யி, அவனுக்குக் கை வராது. ஹார்லிக்ஸ் பாட்டலையும் எடுத்துக்க, கடையில திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவான்.

எந்திரிச்சுட்டியா? வாரேனுங்கத்தைன்னு சொல்லிப்போடாதே கண்ணு. எழவு கேக்க வந்த ஊட்ல சொல்லிக்கக்கூடாது. எங்கூட்டுக்காரரு எல்லா ஊட்லயும் வாரேனுங்கம்மான்னு வாய் நெறையச் சொல்லிட்டுத்தான் வருவாரு, அத நான் திருத்தவே இல்ல. நீங்க சொல்லிக்காமப் போங்க. வயர மட்டும் வெச்சுட்டுப் போங்க.